ஏழு ஓட்டை போட்ட டப்பா

நாங்குநேரி தாண்டி நாற்கரச் சாலையோரம் நான் ஒரு கடை வைத்திருக்கிறேன். வண்டிகளின் புகைக்குழாய்க்குள் கம்பியை விட்டு, புகையை அளந்து, சான்றிதழ் அச்சடித்துக் கொடுப்பதுதான் வேலை. லாரிக்காரர்கள் இறங்கி வந்ததும் முதலில் கேட்பது, கடையில் ஆம்பளை யாரும் இல்லையா என்பதுதான். இல்லை என்பேன். குழாய் கேபினுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிற வண்டி ஏதாவது வந்தால் மட்டும் பதில் சொல்ல நிற்க மாட்டேன். ஏணியில் ஏறி அதன் வாயைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். நாற்பதை நெருங்குகிற பொம்பளை சேலையைச் செருகிக்கொண்டு லாரி மேல் ஏறுவதைப் பார்த்துக் கிளீனர் பையன்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் எதற்கு ஏறுகிறேன் என்று இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சேரன்மகாதேவி ரோட்டில் வாய்க்காலை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு லாரி வைத்திருந்தார்கள். இன்னொருவர் ஓட்டி ஓட்டி அலுத்து, போதும் சாமி என்று விற்ற வண்டி. ஆற்றுப் பாசன வயல்களில் அறுத்த நெல்லைக் களத்திலிருந்து அரவை மில்லுக்குக் கொண்டுபோவது தொழில். அப்பா பேச்சுக் குறைந்தவர். சித்தப்பா அவருக்கும் சேர்த்துப் பேசுவார், பாடுவார், கேபினில் பாட்டுப் பெட்டியும் வைத்திருந்தார். அதன் ஒலிபெருக்கியை வெளியே, கேபினின் முதுகில் மாட்டினால்தான் பின்னால் வருகிறவனும் கேட்பான் என்று, ஒயர் போகப் பின்தகட்டில் தன் கையாலேயே ஓட்டை போட்டார். ஒயருக்குச் சுண்டுவிரல் அளவு ஓட்டை போதும். சித்தப்பா போட்ட ஓட்டையில் என் முஷ்டி தாராளமாகப் போய்வரும். போட்டுப் பார்த்திருக்கிறேன்.

சித்தப்பாவின் தூக்கம் தெருவில் பேர்போனது. படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். "இந்தப் பயலைக் கட்டிலோட தூக்கி ஆத்துல போட்டாலும், அணைக்கட்டுல போய் இடிச்சாத்தான் முழிப்பான்" என்பாள் அம்மா. எல்லோரும் சிரிப்போம். சித்தப்பாவும் சிரிப்பார், அவர் விழித்திருக்கும் சமயமாக இருந்தால்.

அந்த லாரிக்கு முதலில் எல்லா லாரிகளையும் போல வயிற்றுக்கு அடியில்தான் புகைக்குழாய் இருந்தது. வாய்க்கால் வரப்பில் ஏறி இறங்கும்போதெல்லாம் அது மண்ணில் இடித்து, நசுங்கி, ஓட்டையாகி, துணிப்பை தைக்கிற மாதிரி ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கார் நெல் அறுவடை தொடங்கிய வாரம், ஒரு களத்தில் சூடேறிக் கிடந்த குழாய் வைக்கோல் மேல் பட்டுப் புகைய ஆரம்பித்துவிட்டது. பெண்கள் குடங்களோடு ஓடிவந்து அணைத்தார்கள். களத்துக்காரர் ஒரே வார்த்தையில் முடித்தார்: இனி இந்த வண்டி களத்துக்குள் வரக்கூடாது. ஒரு களத்தில் சொன்னால் அடுத்த களத்திலும் சொல்வார்கள். அறுவடை நாளில் நெல் வண்டி களத்துக்குள் போகமுடியாது என்றால் பிறகு அந்த வண்டி எதற்கு? அப்பா ரெண்டு நாள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. மூன்றாம் நாள் மாமாவுக்கு ஆள் அனுப்பினார்.

மாமா, அம்மாவின் தம்பி. சவுதியில் டிரெய்லர் வண்டிப் பட்டறையில் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து பேட்டையில் வெல்டிங் பட்டறை போட்டிருந்தார். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அவர் பேசிய பேச்சு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "நம்ம மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுன்னா ஓடுவமா அத்தான்? வெளிய விட வழி இருந்தாத்தானே உள்ள இழுக்கும். இங்கன எல்லாம் அடைச்சுக் கெடக்கு." சவுதியில் பெரிய வண்டிகளுக்கெல்லாம் குழாய் கேபினுக்குப் பின்னால் வானத்தைப் பார்த்து நிற்கும்; வைக்கோலும் எரியாது, வரப்பும் இடிக்காது, வண்டிக்கு இழுவையும் கூடும் என்றார். அப்பா குனிந்து குழாயைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், சரி என்றார். இதில் யாருடைய அறிவிலும் பிசகு இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். காரணம் நியாயமான காரணம். இன்றைக்கு என் கடைக்கு அப்படி ஒரு வண்டி வந்தாலும் நானும் அதைத்தான் சொல்வேன்.

ரெண்டு நாளில் வேலை முடிந்தது. தண்ணீருக்குப் போடுகிற நாலு இஞ்ச் இரும்புக் குழாயை அறுத்து, வளைவு கொடுத்துப் பற்றவைத்து, கேபினின் முதுகோடு நிமிர்த்தி நிறுத்தினார். கேபின் கூரைக்கு மேலும் ஒரு முழம் உயரம். கறுப்புப் பெயின்ட் அடித்து, நுனியில் மட்டும் சிவப்பு அடித்தார். பாக்கி நின்றது ரெண்டு காரியம். எஞ்சின் ஆடும், நிமிர்ந்த குழாய் ஆடாது. ரெண்டையும் சேர்க்கிற இடத்தில் வளைந்து கொடுக்கிற சுருள்குழாய் ஒன்றைக் கோக்க வேண்டும். அது திருநெல்வேலியில் கிடைக்கவில்லை, வெளியூரிலிருந்து வரவேண்டும். அதுவரைக்கும் அந்த ஜாயின்ட்டில் சூடு தாங்கும் கயிற்றைச் சுற்றிப் பசை பூசி இறுக்கிவைத்தார். அது சித்தப்பா போட்ட ஓட்டைக்குச் சரியாக ஒரு சாண் கீழே இருந்தது. சுருள் வர நாளாகும் என்று மாமா சொன்னபோது, "அறுவடை முடியட்டும் மாப்ள, பைய மாட்டிக்கிடலாம்" என்றார் அப்பா. மாமாவும் தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலுக்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமில்லை.

ரெண்டாவது காரியம் மூடி. வானத்தைப் பார்த்து நிற்கிற குழாய்க்குள் மழை பெய்தால் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். "தண்ணி உள்ள எறங்கிட்டுன்னா எமன்தான்" என்றார் மாமா. சவுதியில் நுனியில் ஒரு தகட்டு மூடி இருக்குமாம். வண்டி ஓடினால் புகையே அதைத் தூக்கித் திறந்துகொள்ளும், நின்றால் தானாக மூடிக்கொள்ளும். நமக்கும் ஒன்று செய்கிறேன் என்று நூல் வைத்து அளவெடுத்துக்கொண்டு போனார். அதுவரை வண்டி நிற்கும்போது ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார்.

அந்த வேலை எனக்கு வந்தது. ஏணியில் ஏறிச் சிரட்டையைக் கவிழ்ப்பேன். காலையில் வண்டியைக் கிளப்பினதும் அது பட்டென்று எகிறி வாய்க்கால் வரைக்கும் போய் விழும். தெருப் பிள்ளைகள் பூராவும் ஓடும். எவள் எடுத்து வந்தாலும் என் கையில்தான் கொடுக்க வேண்டும்; வண்டி எங்களது அல்லவா? அப்படி ஒரு மிதப்பு எனக்கு.

ஊரும் வண்டியை மெச்சியது. களங்கள் திறந்தன. நெல் தரகர் வீட்டு அம்மாள் ஒருநாள் எங்கள் வாசலில் நின்று, வண்டி தேர் மாதிரி அம்சமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குச் சாயங்காலமே அப்பாவுக்குத் தலைவலி. மறுநாள் சித்தப்பாவுக்கும் தலைவலி, வாந்தி. ஒரு சனிக்கிழமை நான் கேபினில் உட்கார்ந்து சேரன்மகாதேவி வரைக்கும் போய்விட்டு வந்தேன். எனக்கும் மண்டையைப் பிளந்தது. அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. கண்ணேறு. தெருப்புழுதி, கல்லுப்பு, மிளகாய் வத்தல் எல்லாம் கைக்குள் வைத்து எங்கள் மூன்று பேரையும் உட்கார்த்தி, மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். வெறும் வத்தல் என்றால் வீடே தும்ம வேண்டும். யாரும் தும்மவில்லை. "பாத்தியளா, நெடியே இல்ல. கொள்ளிக்கண்ணு, வேற என்ன?" என்று தரகர் வீட்டுத் திசையைப் பார்த்துத் துப்பினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வண்டி ஓடவில்லை, மூன்று பேரும் வீட்டில் கிடந்தோம், தலைவலி போய்விட்டது. அம்மா ஜெயித்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை தலைவலி திரும்பி வந்தபோது மறுபடியும் சுற்றிப்போட்டாள். மூன்று வாரத்தில் ஒரு டப்பா வத்தல் காலியானது. வண்டிக்குள் இருந்தால் வலிக்கிறது, இறங்கினால் போகிறது என்பது எங்கள் நாலு பேர் கண்ணுக்கும் எதிரேதான் இருந்தது. புகை வாடை வருகிறதே என்று அப்பா ஒருமுறை சொன்னார். லாரியில் புகை வாடை வராமல் மல்லிகைப்பூ வாடையா வரும் என்றார் சித்தப்பா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வத்தல் இருந்த அந்த டப்பா, மாமா சவுதியிலிருந்து கொண்டுவந்த பால்பவுடர் டப்பா. மஞ்சள் நிறம், அரபி எழுத்து, ஒட்டகப் படம். அப்படி ரெண்டு டப்பா வீட்டில் உண்டு. காலியான டப்பாவை அம்மா அடுக்களைக்கு வெளியே வைத்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது.

ஐப்பசி பிறந்து வானம் கறுத்துக்கொண்டே இருந்தது. மாமா சொன்ன மூடி வந்தபாடில்லை. சிரட்டை நிற்கிற வண்டிக்குத்தான் ஆகும். ஓடுகிற வண்டியில் மழை பெய்தால்? தண்ணீர் உள்ளே இறங்கும். எமன்தான் என்று மாமாவே சொல்லியிருக்கிறார். அந்த எமன் எஞ்சினுக்கு மட்டும் வருகிற எமன் என்று எனக்குத் தெரியாது. வண்டியில் இருக்கிறவர்களுக்கு என்றுதான் நினைத்தேன். அப்பாவும் சித்தப்பாவும் மழையில் வெளியே போகிறபோதெல்லாம், வண்டி திரும்பி வரும்வரை வாசலிலேயே நிற்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த சமயம், வாய்க்கால் சரிவில் நின்ற லாரியில் ஏறி அந்தப் பால்பவுடர் டப்பாவைக் குழாய் நுனியில் கவிழ்த்தேன். செய்துவைத்த மாதிரிப் பொருந்தியது. முதலில் ஒரு பக்கம் மட்டும், மாமா சொன்ன மூடி போலவே, கம்பியால் கட்டினேன். பட்டறைக்குப் போயிருந்தபோது கொலுசு செய்து விளையாட மாமா கொடுத்த கட்டுக்கம்பி. ஒரு பக்கம் கட்டினது காற்றுக்கு ஆடி டங் டங் என்று அடித்தது. அசிங்கமாக இருந்தது. மறுபக்கமும் இழுத்து இறுக்கிக் கட்டினேன்.

புகை போக வழி வேண்டும் என்பதை நான் மறக்கவில்லை. அதுதான் எனக்கு இன்று வரை ஆறாதது. வெளிய விட வழி இருந்தாத்தானே உள்ள இழுக்கும் என்று மாமா சொன்னது எனக்கு மனப்பாடம். கட்டுவதற்கு முன்பே டப்பாவின் அடியில் ஆணியை வைத்துக் கல்லால் அடித்து, பூப் போல நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, மொத்தம் ஏழு ஓட்டை போட்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வரும்போது காட்டி, அடேயப்பா என்று அவர் வாயைப் பிளப்பதைப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. சனிக்கிழமையே ஏற்றி வைத்த லோடு இருந்தது. அப்பா வயலில் மிச்சம் கிடந்த மூட்டைகளை நனையாமல் மூடிவைக்க வேண்டியிருந்ததால், சித்தப்பா தனியாக வண்டியை எடுத்தார். சாவியைத் திருகினால் செல்ஃப் ஒழுங்காக எடுக்காத வண்டி. அதனால்தான் எப்போதும் சரிவில் நிறுத்துவது. சரிவில் உருண்டு, பிடித்துக்கொண்டது. வழக்கமாகத் தெருவே அதிரும். அன்றைக்குச் சத்தம் அமுங்கி, கம்பளிக்குள் இருந்து இருமுகிற மாதிரி வந்தது. சித்தப்பா தலையை வெளியே நீட்டினார். "ஏட்டி, வண்டிக்கு நல்ல புத்தி வந்துட்டு பாத்தியா? ஊரை எழுப்பாமப் போவுது." நான் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நின்றேன். நான் கடைசியாகப் பார்த்த அவருடைய முகமும் சிரித்த முகம்தான். டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெருமையாக, கத்தி, அங்கேயே சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லையே.

அரவை மில் வாசலில் எட்டு லாரிகள் வரிசையில் நின்றன. மழை சாய்த்து அடித்ததால் சித்தப்பா கண்ணாடிகளை ஏற்றிவிட்டார். மில் வாசல் சமதளம், சரிவு கிடையாது. அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்று எஞ்சினை ஓடவிட்டே படுத்துவிட்டார். பகல் பதினோரு மணி இருக்கும். லோடுமேன்கள் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். அசைவில்லை. அவர்களுக்குச் சித்தப்பாவின் தூக்கம் பழக்கமானதுதான். "இவன எழுப்புததுக்கு மில்லுச் சங்கைத்தான் காதுல ஊதணும்" என்று ஒருத்தன் சொல்ல, சிரித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். வரிசை நகர்ந்தபோது பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். பிறகு வசவு. பிறகு ஒருவர் இறங்கி வந்து கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்திருக்கிறார். கல்லால் கண்ணாடியை உடைத்தபோது உள்ளே இருந்து புகை வந்ததாம். சித்தப்பா பக்கவாட்டில் ஒருக்களித்து, தலைக்குக் கை வைத்து, வீட்டில் படுப்பது மாதிரியே படுத்திருந்தாராம்.

மில்லிலிருந்து அப்பாவைத் தேடி வயலுக்கு ஆள் வந்தது. யாரோ மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனார்கள். மில்லில் நடந்ததை எங்கள் ஊருக்கு வந்து சொன்னவர் மில் காவல்காரர். அவர் சொன்ன கதை இது: தம்பியைக் கீழே இறக்கிச் சாக்கில் கிடத்தியிருந்தார்கள். அண்ணன்காரர் வந்தார், தம்பி முகத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அண்ணாந்து வண்டியைப் பார்த்தார். பார்த்தவர், கொட்டுகிற மழையில் விறுவிறு என்று ஏணியில் ஏறிக் கேபின் மேலே போய், குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். தோள் துண்டை எதன் மேலோ சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். "தம்பி செத்துக் கெடக்கான், இவரு மேல ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டுதாரு. நெல்லு நனைஞ்சிரக் கூடாதுல்லா, அண்ணாச்சிக்கு!" என்று காவல்காரர் எங்கள் தெருமுக்கில் நின்று சொன்னார்.

அந்தப் பேச்சு ஊரில் நின்றுவிட்டது. உடன்பிறப்பின் பிணத்தைவிட லோடு பெரிதாகப் போனவன் என்று அப்பாவை வருஷக்கணக்கில் சொன்னார்கள். நாலு பேர் கூடும் இடத்துக்கு அப்பா போவது நின்றது. ஒருநாளும் அவர் மறுத்துப் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என் முகத்துக்கு நேரே அதைச் சொன்னாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நானும் நம்பினேன். என் அப்பாவைப் பற்றி நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வளர்ந்தேன்.

அன்று சாயங்காலம் மாமா ஓடிவந்தார். லாரியைக் கொண்டுவந்து வாய்க்கால் சரிவில் நிறுத்தியிருந்தார்கள். அவர் வீட்டுக்குள் வராமல் நேரே வண்டிக்குப் போனார். ஜாயின்ட்டில் சுற்றின கயிறு கருகிப் பிய்ந்து தொங்கியது. அதைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு மேலே ஏறினார். நுனியில் சிவப்புப் பெயின்ட் வட்டமாகச் சுரண்டியிருந்தது, டப்பா இல்லை. ஒரு துண்டுக் கம்பி மட்டும் குழாயில் சிக்கி நின்றது. அதை முறுக்கி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கீழே நின்ற என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் அவரைப் பார்த்தார். மாமா கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்து என் தலையில் கை வைத்தார். கொடுத்த கம்பியை வீணாக்கிவிட்டேன் என்று கோபித்துக்கொள்வாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் அப்பாவின் சொந்தங்கள் மாமாவை நடுவில் நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். சவுதி மூளையைக் காட்டத்தான் எங்கள் பிள்ளையைப் பலி கொடுத்தாயா என்று ஒரு பெரியப்பா செருப்பைத் தூக்கினார். பெற்ற மகனைப் பறிகொடுத்த தாத்தா மண்ணை வாரித் தூற்றினார். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தப்பு என்னுடையதுதான் என்றார். அப்பா சுவரோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவர், கடைசியில் எழுந்து, "இனிமே இந்த வாசலை மிதிக்காதீக மாப்ள" என்றார். எப்போதும் ஒருமையில் பேசுகிற மச்சினனிடம் அன்றைக்கு மட்டும் அப்படி மரியாதையாகச் சொன்னார். அம்மா தம்பியின் காலைப் பிடிக்கிற மாதிரி விழுந்து அழுதாள். மாமா போய்விட்டார். பேட்டைப் பட்டறைக்கு அதன்பிறகு லாரிக்காரர்கள் வரவில்லை. ஜன்னல் கம்பியும் கேட்டும் பற்றவைத்துக் காலம் தள்ளினார்.

நான் பெரியவளானபோது தாய்மாமன் சீர் இல்லை. மாமா பட்டுப்பாவாடையும் தட்டும் யார் மூலமோ அனுப்பினார். அப்பா வாசலோடு திருப்பி அனுப்பினார். தூரத்துச் சொந்தத்தில் ஒருவரை மாமன் என்று மனையில் நிறுத்திச் சடங்கை முடித்தார்கள். அம்மா அன்று முழுக்க ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. கூடப்பிறந்தவனை இழந்தது அப்பா மட்டும்தானா, அம்மாவும்தானே.

டப்பாவின் கணக்கு எனக்குப் புரிந்தது இருபத்திநாலு வயதில். புகைச் சான்று வேலைக்குப் பயிற்சி கொடுக்கிறவர் பலகையில் ஒரு குழாய் வரைந்து, வாயை அடைத்தால் புகை சும்மா நிற்காது, வழியில் எங்கே பலவீனமான இடம் இருக்கிறதோ அங்கே கிழித்துக்கொண்டு வரும் என்றார். நான் எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தேன். ஜாயின்ட் முன்பே ஒழுகியது உண்மை. தலைவலி டப்பாவுக்கு முன்னாலேயே வந்ததுதான். ஆனால் மூன்று வாரம் தலைவலியாக வந்தது, அந்தத் திங்கட்கிழமை மட்டும் சாவாக வந்ததே, ஏன்? மழையில் ஏறின அப்பா எதைத் துண்டில் சுற்றிக்கொண்டு இறங்கினார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கேட்பதற்கு அப்பா அப்போது இல்லை.

மாமாவிடம் போனேன். வாசல் கேட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பி எங்கே மாமா என்றேன். முகமூடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எந்தக் கம்பி? சுருள் மாட்டாம வண்டியை வெளிய விட்டது நாந்தானே தாயி. அதோட விடு" என்றார். முகமூடியை இறக்கிக்கொண்டார். தீப்பொறி பறக்க ஆரம்பித்தது. நான் திரும்பி வந்துவிட்டேன்.

இது எல்லாம் பிறகு தெரிந்தவை. அப்போது எனக்குத் தெரிந்தது வேறு. சித்தப்பாவைப் பெரியாஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து எரித்து நாலு நாள் ஆகியிருந்தது. டப்பா எங்கே போனது என்று யோசித்து யோசித்து நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். நான் சரியாகக் கட்டவில்லை. டப்பா வழியிலேயே விழுந்துவிட்டது. குழாய்க்குள் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டது. மாமா சொன்ன எமன் அப்படித்தான் வந்தான். டப்பா மட்டும் விழாமல் இருந்திருந்தால் சித்தப்பா இருந்திருப்பார். அடுத்து அப்பா இதே வண்டியைத்தானே ஓட்டப்போகிறார்?

அடுக்களையில் இன்னொரு ஒட்டக டப்பா இருந்தது. வத்தலைத் தாளில் கொட்டிவிட்டு ஆணியும் கல்லும் எடுத்துக்கொண்டேன். அப்பா வாய்க்கால் சரிவில், லாரியின் முன் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மில்லில் அழவில்லை, சுடுகாட்டிலும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று அதற்கும் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் போய் டப்பாவை நீட்டினேன்.

"இந்தத் தடவை நாலு பக்கமும் கட்டிருதேன்ப்பா, விழவே விழாது. ஓட்டையும் ரெண்டு கூடப் போட்டிருக்கேன்" என்றேன்.

அப்பா டப்பாவை வாங்கித் திருப்பி, ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். அப்புறம் என்னை இழுத்து மடியோடு இறுக்கிக்கொண்டு, மாடு கத்துகிற மாதிரி வாய்விட்டு அழுதார். எனக்கு மூச்சு முட்டியது. சித்தப்பாவை நினைத்துத்தான் அழுகிறார் என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.